நான்காம் மாடி, நல்ல வெளிச்சம்

மகனுக்குக் கல்யாணம் என்றார் முஹ்சின் பே.
வாயெல்லாம் பல்.
நாங்களும் வாழ்த்தினோம்.
அவர் நீட்டிய பெட்டியிலிருந்து எஸ்கி
இரண்டு இனிப்பாக எடுத்துக்கொண்டாள்.
மறுவாரம் நோட்டரி முத்திரையோடு வந்தது காகிதம்:
மகன் குடியேற வீடு தேவை.

ஒன்பது வருடம்.
குர்துலுஷில் நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது.
சலவை இயந்திரத்தைச் சுமந்து ஏற்றியவன் ஜெவாத்,
சுமந்து இறக்கியவனும் அவன்தான்.
இரண்டுக்கும் நடுவில்
முதுகுக்கு மட்டும் வயதாகியிருந்தது.

இப்போது எசென்யுர்த்.
இதுவும் இஸ்தான்புல்தான் என்று
முகவரி சொல்கிறது.
வேலைக்கு ஒரு பேருந்து, ஒரு மெட்ரோபஸ், இன்னொரு பேருந்து.
பல் மருத்துவமனையில்
நான் விளக்கைப் போடும் நேரத்துக்கு
ஏற்கெனவே ஒரு நாள் முடிந்திருக்கும்.

ஐந்து மாதம் கழித்து
வரவேற்பு மேசை திலாரா போனை நீட்டினாள்:
"நெர்மின் அக்கா, இது உங்கள் பழைய தெருதானே?"
தெரு மட்டுமா.
என் அடுப்படி. என் ஜன்னல்.
வெளிச்சமானது, குடும்பத்துக்கு ஏற்றது,
வாடகை நாங்கள் கொடுத்ததுபோல் மூன்று மடங்கு.

"அப்போ மகன்?" என்றான் ஜெவாத்.
"கல்யாணம் நின்றிருக்கும், பாவம்."
இருவரும் சிரித்தோம்.
சிரிப்பு நடுவழியில் எங்கோ இறங்கிக்கொண்டது.
"போய்ப் படம் எடுத்து வா, வக்கீலுக்கு ஆகும்" என்றான்.

சனிக்கிழமை, தலையில் ஸ்கார்ஃப்,
கேட்டால் சொல்ல ஒரு பொய்ப் பெயர்.
தரகன் சின்னப் பையன், கூர்மூக்குச் செருப்பு.
படியில் எனக்கு முன்னால் ஆறு பேர்,
மூன்றாம் மாடியில் மூச்சு வாங்க
நின்றுவிட்டாள் ஒரு கர்ப்பிணி.

சாவி சுற்றுகிறது, கதவு அசையவில்லை.
"கொஞ்சம் தூக்கித் தள்ளுங்க," என்றேன்.
திறந்தது. திரும்பிப் பார்த்தான்.
"பழைய வீடெல்லாம் இப்படித்தானே," என்றேன்.

உள்ளே இருட்டு.
அவன் சுவரைத் தடவிக்கொண்டிருக்க
என் கை
அலமாரிக்குப் பின்னால் தானாகப் போய்
சுவிட்சைத் தட்டிவிட்டது.
என்னைக் கேட்கவே இல்லை.

எல்லாம் வெள்ளை. புது வண்ணத்தின் வாடை.
எங்கள் ஆணிகளின் ஓட்டைகள்கூட அடைபட்டிருந்தன.
வாடகைக்கு இருந்தவர்கள்
எழுத்துப்பிழை போலும்.

பின்னறையை எட்டிப் பார்த்து
அந்தப் பெண் கணவனிடம் சொன்னாள்:
"தொட்டிலை இந்தச் சுவரோரம் போடலாம், ஓகுஸ்."
அந்தச் சுவரோரமா.
ஒவ்வொரு நவம்பரும்
அங்கேதான் கறுப்பாகப் பூக்கும்,
நாங்கள் வினிகரும் பழந்துணியுமாக
முட்டிபோட்டுத் துடைப்போம்.
எஸ்கியின் இருமலுக்கு
மூன்று டாக்டர்கள் மூன்று பெயர் வைத்தார்கள்.

சொன்னால் வீட்டை விட்டுவிடுவார்கள்.
விட்டால் எங்கே போவார்கள்?
அவள் கையில் இன்னும் நாலு முகவரி,
இரண்டை ஏற்கெனவே அடித்திருந்தாள்.

தரகன் பால்கனியில் போன் பேசப் போன நேரம்
அவள் முழங்கையைத் தொட்டேன்.
"தொட்டில் வேண்டாம் இங்கே.
ஜன்னல் பக்கம் போடுங்க. சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி."
வெறும் ஒரு சாண்.
என்னால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான்.
அவள் என் முகத்தையே பார்த்தாள்.
பிறகு தாழ்ந்த குரலில்:
"எத்தனை வருஷம் இருந்தீங்க?"

பதில் சொல்வதற்குள் தரகன் வந்துவிட்டான்.
முன்பணம் இன்றே தருபவருக்கு முன்னுரிமையாம்.
ஓகுஸ் பர்ஸை எடுத்தான்.

மெட்ரோபஸ்ஸில் போனைத் திறந்தேன்.
ஒரே ஒரு படம் இருந்தது,
எப்போது எடுத்தேன் என்றே தெரியவில்லை:
தரையும், பாதி கூர்மூக்குச் செருப்பும்.

வக்கீலுக்கு ஆகாது.

இரவில் எஸ்கி கேட்டாள்,
"என் ரூம்ல யாரும்மா இருக்காங்க?"
"இன்னும் பிறக்கலை," என்றேன்.